கொலுசு 18 பைட்டா, 21 பைட்டா?

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடை ஒன்றின் பில்லிங் சாஃப்ட்வேரில் ‘கொலுசு’ என்று தேடினால் பாதி பில்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வராத பில்களிலும் கொலுசு என்றே இருக்கிறது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்தச் சொல்லைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் நாம் அன்றாடம் எழுதும் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘க’ என்றால் 224, 174, 149. அதோடு சேரும் ‘ொ’ 224, 175, 138. க, ொ, ல, ு, ச, ு என 6 குறியீடு, 18 பைட். ஆனால் இதே ‘கொ’வை க, ெ, ா என மூன்றாகவும் எழுதலாம். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். இப்போது சொல் 7 குறியீடு, 21 பைட். எழுத்துரு இரண்டையும் ஒன்றுபோலவே வரைந்துவிடும். பைத்தான், ஜாவா, கோ என்ற நிரல்மொழிகள் எல்லாவற்றிலும் சரங்களை (எழுத்துத் தொடர்களை) நேரடியாக ஒப்பிட்டால் ‘வேறு வேறு’ என்றுதான் பதில் வரும். ஸ்விஃப்ட் மொழியோ சமம் என்று சொல்லும்.

இதற்கு மருந்து என்எஃப்சி இயல்பாக்கம், அதாவது பிரித்து எழுதியதைச் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே வடிவமாக்குவது. டேட்டா உள்ளே வரும் வாசலிலேயே செய்துவிட வேண்டும். தேடுசொல்லுக்கும் அதையே செய்ய வேண்டும். பழைய வரிசைகளை மாற்றும்போது ஒரு சிக்கல் உண்டு: இரண்டு கொலுசுக்கும் தனித்தனி ஐட்டம் கோட் போட்டு ஸ்டாக் ஏறியிருந்தால், ஒரே பெயர் இருமுறை வரக்கூடாது என்னும் யுனீக் இண்டெக்ஸ் தடுத்து நிறுத்தும். முதலில் ஸ்டாக்கை ஒன்றாக்கிவிட்டுப் பெயரைத் தொடுங்கள்.

நீளமும் இப்படித்தான். ‘சேலம்’ கண்ணுக்கு 3 எழுத்து. ஸ்விஃப்ட்டும் 3 என்கிறது. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 5, கோவும் ரஸ்ட்டும் 15. யார் சொன்னதும் தப்பில்லை. ஒருவர் எழுத்தை எண்ணுகிறார், ஒருவர் குறியீட்டை, ஒருவர் பைட்டை. பில்லில் இடம் போதாமல் பெயரை வெட்டும்போதுதான் வினை. பைத்தானில் முதல் 4 குறியீட்டோடு நிறுத்தினால் புள்ளி உதிர்ந்து ‘சேலம’ ஆகிவிடும். கோ மொழியில் பைட் நடுவே வெட்டினால் கடைசியில் கேள்விக்குறிக் கட்டம் வரும். ரஸ்ட் அந்த இடத்திலேயே நிரலை நிறுத்திவிடும். என்னைக் கேட்டால் ரஸ்ட் செய்வதுதான் நல்லது. ‘சேலம’ என்ற பிழை யார் கண்ணிலும் படாமல் வருஷக்கணக்கில் கிடக்கும்.

டேட்டாபேஸ் நெடுவரிசைக்கும் இதே கணக்கு. ஆரக்கிள் டேட்டாபேஸில் எழுத்து வைக்கும் வார்ச்சார்2 வகைக்கு நீளம் 20 என்று மட்டும் போட்டால், இயல்பாக அது 20 பைட். ‘ஏற்காடு’ 21 பைட், உள்ளே போகாது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் அந்த 20 குறியீட்டைக் குறிக்கும். அங்கே ஒரு குறியீட்டுக்கு 4 பைட் வரை கொள்ளும் யூடிஎஃப்8எம்பி4 தேர்ந்தெடுங்கள். மா, காணி, முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் சேர்ந்தன. அவை ஒவ்வொன்றுக்கும் 4 பைட்.

‘செவ்வாய்ப்பேட்டை’ என்று எழுத 48 பைட் ஆகிறதே, ஆங்கில எழுத்தில் ‘Shevapet’ என்று வைத்தால் 8 பைட்தானே என்று சிலர் தங்கிலீஷில் சேமிக்கிறார்கள். வேண்டாம். தமிழின் 3 பைட்டில் முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இப்படித் திரும்பத் திரும்ப வருவதைத்தான் சுருக்கும் நிரல்கள் விழுங்கிவிடும். ஜிஜிப் என்ற சுருக்கும் நிரலில் உள்ள டிஃப்ளேட் முறை, முன்னால் வந்த துண்டு மறுபடி வந்தால் ‘இத்தனை பைட் பின்னால் போய் இவ்வளவு எடுத்துக்கொள்’ என்று மட்டும் எழுதும். பிறகு ஹஃப்மன் முறையில், அடிக்கடி வருவதற்குக் குறைந்த பிட் கொடுக்கும்.

ஆனால் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக ஜிஜிப் செய்தால் வீங்கும். அதன் தலைப்பும் வாலும் மட்டுமே 18 பைட், அதாவது ஒரு முழுக் கொலுசு. முழு அட்டவணையையும் ஒன்றாகக் கொடுங்கள். டிஃப்ளேட் 32 கேபி தூரம் வரைதான் திரும்பிப் பார்க்கும். அதனால் ஐட்டம் பெயர்வாரியாக வரிசைப்படுத்தி ஏற்றுமதி செய்தால் ஒரே பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்து இன்னும் சுருங்கும். பூட்டுச்சொல் போட்டு மறையாக்கம் செய்வதாக இருந்தால் சுருக்கிய பிறகே செய்யுங்கள். மறையாக்கிய கோப்பு சுருங்காது. டிசைன் ஃபோட்டோக்களை இதில் சேர்க்க வேண்டாம். ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியது.

ஜிஜிப்பின் வாலில் 4 பைட் சரிபார்ப்பு எண், 4 பைட் மூல அளவு. பென்டிரைவுக்கு நகல் எடுத்ததும் ஜிஜிப்பின் ‘-t’ சோதனையை ஓட்டினால் அந்த எண்ணோடு ஒத்துப்பார்க்கும். பிறகு வேறொரு கணினியில் விரித்து, ‘கொலுசு’ வரும் பில்களை எண்ணி, கடையில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.