பக்கெட்டுக்கு ஒரு ஈர பனியன்

போன மாதம் வீட்டிலேயே பக்கெட்டில் நொதிக்கப் போட்ட பேல் ஏல் (ஒரு வகை பீர்) 20 லிட்டரையும் இன்று கீழே கொட்டினேன். மூக்குக்கு நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை, தொண்டையில் எரிச்சல். தப்பு என்னுடையதுதான். மெல்போர்ன் கோடையில் வீட்டுக்குள் 25 டிகிரிதானே என்று அசட்டையாக விட்டுவிட்டேன், ஆனால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது தானே சூட்டைக் கிளப்பும், பக்கெட்டுக்குள் அறையைவிட நாலைந்து டிகிரி கூட ஏறிவிடும் என்பது பக்கெட்டில் தெர்மாமீட்டர் ஒட்டிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. முதல் மூன்று நாள் சூடு ஏறினால் பீர் போச்சு.

இந்த முறை பக்கெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்து, நனைத்த பழைய பனியனைப் போர்த்தி (மண்பானை குளிர்கிற அதே கணக்குதான்), காலையும் இரவும் உறையவைத்த தண்ணீர் பாட்டில் இரண்டைத் தொட்டியில் போடுகிறேன். 18, 19 இல் நிற்கிறது. நொதிக்கும் வேகம் அடங்கியதும் 21 வரை ஏற விடுவேன், அப்போதுதான் டைஅசிட்டைல் என்கிற அந்த வெண்ணெய் வாசத்தை ஈஸ்டே தின்று தீர்க்கும்.

அப்புறம், ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடிக் குழாய்) குமிழி நின்றுவிட்டது என்று பாட்டிலில் அடைத்துவிடாதீர்கள். மூடி இறுகாவிட்டாலும் குமிழி வராது. சர்க்கரை தீரத் தீர அடர்த்தி இறங்குவதைக் காட்டும் ஹைட்ரோமீட்டரைத்தான் நம்ப வேண்டும்: என்னுடையது 1.050 இல் தொடங்கியது, 1.012 பக்கம் இறங்கி இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால் அடைப்பேன். அவசரப்பட்டால் மிச்சச் சர்க்கரை உள்ளேயே நொதித்து பாட்டில் வெடிக்கும், சும்மா சொல்லவில்லை.

குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்க ஓவன் விளக்கைப் போட்டுவைக்கிற வீட்டில் இப்போது பீருக்கு ஐஸ் வைத்தியமா என்று மனைவி சிரிக்கிறாள்.