துருப்பிடித்த பழைய பொறிகள்: எதுவரை சுரண்டலாம்?

விலங்கு பிடிக்கும் பழைய இரும்புப் பொறிகள் மூன்று கைக்கு வந்தன. ஒன்று பெரியது, இரண்டு பக்கமும் நீளமான வில், அதாவது ஸ்பிரிங், உள்ளது. மற்றவை ஒற்றை வில் வைத்த சின்னப் பொறிகள். அதில் ஒன்றின் வில் ஒடிந்தே வந்தது. மூன்றும் செங்கல் நிறம், தொட்டால் விரலில் பொடி. இவற்றால் இனி எதையும் பிடிக்கப் போவதில்லை, அலமாரியில் வைக்கத்தான். ஆகவே எனக்கு வேண்டியது இரண்டு: துரு இதற்கு மேல் இரும்பைத் தின்னக்கூடாது, உலோகத்தில் அடித்திருக்கும் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும்.

எழுத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், பொறியின் வயதைச் சொல்வது அதுதான். பெரிய பொறியின் மிதிதட்டில், அதாவது விலங்கு காலை வைத்து அமுக்கும் அந்தத் தகட்டில், ஏதோ மேடுபள்ளம் தட்டுப்பட்டது. சுண்ணக்கட்டியை லேசாகத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தட்டோடு ஒட்டினாற்போல் பிடித்தால் நிழலில் எழுத்து எழும்பி வருகிறது. நியூஹவுஸ், ஒனைடா, 4 என்ற எண். இவ்வளவுதான் முதலில் தெரிந்தது, ஆனால் இதுவே போதும்.

ஸூவல் நியூஹவுஸ் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பொறி அடித்த கொல்லர். ஜான் ஹம்ப்ரி நோயஸ் 1848-ல் அங்கே தொடங்கிய ஒனைடா சமூகத்தில் நியூஹவுஸ் சேர்ந்தார். சொத்து எல்லாருக்கும் பொது என்று வாழ்ந்த மதக் குழு அது. அவர்களுக்குச் சோறு போட்டதில் பெரும்பங்கு இந்தப் பொறித் தொழிலுக்கு உண்டு. குழு 1881-ல் கூட்டுப் பங்கு நிறுவனமாக மாறியது. கரண்டி, முள்கரண்டிக்குப் பெயர் வாங்கிய ஒனைடா அதுவேதான். 1925-ல் பொறித் தொழிலை விற்றுவிட்டார்கள். அது பென்சில்வேனியாவின் லிட்டிட்ஸ் ஊருக்குப் போனது. ஆகவே ஒனைடா என்றிருக்கிறதா, லிட்டிட்ஸ் என்றிருக்கிறதா என்பதிலேயே ஏறக்குறைய காலம் பிடிபடும். எண் அளவைக் குறிக்கிறது. 1 சின்ன விலங்குகளுக்கு, 4 ஓநாய் அளவுக்கு. 6 கிரிஸ்லி கரடிக்கு. அந்தப் பொறியின் தாடைகள், அதாவது காலைக் கவ்வும் இரும்பு வளைவுகள், விரியும் அளவு மட்டுமே 16 அங்குலம்.

இதனால்தான் கிரைண்டரில் கம்பிச் சக்கரத்தை மாட்டுவதில்லை என்று முதலிலேயே முடிவு. மணல் பீச்சுவதும் இல்லை. இரண்டுமே வேகமான வழி, பளபளப்பும் வரும். ஆனால் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும், கொல்லன் சுத்தியல் விழுந்த தடமும் போய்விடும். புத்தம் புதிதாக மின்னும் நூறாண்டுப் பொறியைப் பார்த்தால் எனக்கு ஏனோ பொம்மை மாதிரித்தான் இருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. துருவில் இறுகிக் கிடக்கும் வில் செத்துப்போன வில் அல்ல. ஊடுருவும் எண்ணெய் உள்ளே இறங்கி மூட்டு விடுபட்டதும் சட்டென்று துள்ளும். 4-ம் எண் பொறியின் தாடைக்கு விரலை உடைக்கும் வலு உண்டு. மூடிய நிலையில் தாடைகளைக் கம்பியால் கட்டிவிட்டுத்தான் வெளிப்புறத்தில் கை வைத்தேன். உள்பக்கம் தேய்க்க வேண்டியபோது இரண்டு வில்லையும் சி-கிளாம்ப் போட்டு அமுக்கி, தாடைகளுக்கு நடுவே கெட்டியான மரக்கட்டையைச் செருகிக்கொண்டேன். பொறியைத் திறந்து, தட்டில் கொக்கியை மாட்டி, அப்படியே வைத்துச் சுத்தம் செய்யும் படங்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

பெரிய பொறிக்கு அமிலமும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. காரணம் வில். கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பின்னால் விசை ஏறும்போது விரிசல் விடலாம். வினிகரில் ஊறப்போட்டாலும் மின்னாற்பகுப்பில் தொங்கவிட்டாலும் இரும்பின் மேல் ஹைட்ரஜன் உண்டாகத்தான் செய்யும். வில்லைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் முக்கலாமே என்றால், தாடையைத் தாங்கும் தூண்களை வளைக்காமல் அது வெளியே வராது. வளைத்தால் உடையலாம். அதனால் கொதிக்க வைத்தேன்.

கொதிநீர் செய்வது எளிய வேதியியல். பொடியாக உதிரும் செந்துரு, கொதிக்கும் நீரில் கருந்துருவாக, அதாவது மேக்னடைட்டாக, மாறுகிறது. இது இரும்போடு ஒட்டிக்கொண்டு அதைக் காக்கும் படலம். முதலில் பித்தளை பிரஷ்ஷால் உதிர்வதையெல்லாம் தேய்த்து எடுத்தேன் (முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், மூக்கெல்லாம் துருவாகும்). பிறகு பழைய இரும்புப் பானையில் பொறி முழுதும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் போலக் கொதிக்கவிட்டேன். வெளியே எடுத்ததும், சூடு இருக்கும்போதே, மேலே வெல்வெட் போலத் தளர்வாக நின்ற கரும்பொடியை மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் துடைத்தேன். மறுபடி கொதி, மறுபடி துடை. ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பு குறைந்து கருமை கூடியது. குழிகளின் அடியில் கொஞ்சம் பழுப்பு நின்றது. அது அங்கேயே இருக்கட்டும். மிதிதட்டில் முழுப் பெயரும் இப்போது டார்ச் இல்லாமலே படிக்க முடிகிறது.

பொறி வைத்தவர்களும் இப்படித்தான் செய்தார்கள். புதுப் பொறியைக் கருவாலிப் பட்டை, வால்நட் தோல், லாக்வுட் மரச்சீவல் என்று ஏதாவது ஒன்றோடு சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். இவற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருநிறம் தரும், துருவைத் தள்ளிப்போடும், மனித வாடையும் எண்ணெய் வாடையும் போகும். கடைசியில் உருக்கிய மெழுகில் ஒரு முக்கு. ஆகவே கருத்த பொறிதான் அதன் பழைய கோலம். வெள்ளி போல மின்னுவது எந்தக் காலத்திலும் அதன் கோலமாக இருந்ததில்லை.

வில் ஒடிந்த சின்னப் பொறிக்கு இந்தப் பயமெல்லாம் வேண்டாம். அதை மின்னாற்பகுப்பில் போட்டேன். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். எதிர்முனை பொறிக்கு, நேர்முனை ஒரு சாதாரண இரும்புத் தகட்டுக்கு. இதை மாற்றிக் கொடுத்தால் கரைவது பொறிதான். துருப்பிடிக்காத எஃகை நேர்முனையில் வைக்கவே கூடாது, அதிலிருந்து நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். குமிழியாக வருவது ஹைட்ரஜன், எனவே திறந்த வெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில். தகட்டுக்கு நேர் எதிரே இருக்கும் முகம்தான் நன்றாகச் சுத்தமாகும். சார்ஜரை அணைத்துவிட்டு அவ்வப்போது பொறியைத் திருப்பி வைக்க வேண்டும். வேலை அருமையாக நடந்தது. நடந்ததே அதிகம் என்றுகூடச் சொல்வேன். துரு போன இடத்தில் வெறும் சாம்பல் நிறம், உயிரில்லாத இரும்பு. கழுவி, அந்த ஈரம் காய்வதற்குள் புதுத் துருவின் மஞ்சள் பூக்கத் தொடங்கிவிட்டது. உடனே கடுந்தேயிலைச் சாற்றில் கொதிக்கவிட்டேன். தேயிலையிலும் டானின் உண்டே. நீலம் கலந்த கருமை ஏறி நின்றது.

பொறிகளோடு வந்த சங்கிலிகளுக்கு வினிகர். ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் துரு இருப்பதால் மின்சாரம் கண்ணிக்குக் கண்ணி தாண்டாது. இங்கே அமிலம்தான் எளிது. அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும், விட்டால் நல்ல இரும்பையும் அரிக்கும். பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒரு குளியல்.

மேல்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெயா மெழுகா என்று கொஞ்சம் யோசித்தேன். எண்ணெய் தடிமனாகப் போனால் காய்ந்து பிசுபிசுக்கும், தூசியைச் சேர்க்கும். அருங்காட்சியகங்களில் புழங்கும் நுண்படிக மெழுகையே எடுத்துக்கொண்டேன். பொறியை இளஞ்சூடாக்கி, மெழுகை மெல்லியதாகத் தேய்த்து, ஆறியபின் துணியால் துடைத்தால் கருமை ஆழமாகிறது, மினுக்கு இல்லை.

பெரியது தாடை மூடியபடியே, கம்பிக் கட்டோடு அலமாரி ஏறிவிட்டது. இங்கிலாந்தில் இதன் உறவான ஜின் பொறியை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது, தடை 1958-ல் நடப்புக்கு வந்தது. பயன்படுத்துவதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். விரித்து வைத்துக் காட்ட நினைப்பவர்கள் வீட்டில் குழந்தைகள் இருப்பதையாவது நினைத்துக்கொள்ளலாம். வில் ஒடிந்த பொறிக்குப் புது வில் தேடப் போவதில்லை, ஒடிந்த முனையிலும் மெழுகு தேய்த்தாயிற்று. மூன்றாவதன் மூட்டில் இன்னும் எண்ணெய் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதன் தட்டில் எழுத்து இருக்கிறதா என்றே இன்னும் தெரியவில்லை.