ஒரே யுயுஐடி, இரண்டு டிஸ்க்: மூன்று இரவு தேடிய 6.12 கெர்னல்

நேற்று இரவு பதினொன்றரைக்கு, ஓடும் கெர்னலின் (லினக்ஸின் மையக்கரு) எண்ணைக் காட்டும் ‘யுநேம் -ஆர்’ கட்டளையை அடித்ததும் 6.12 என்று வந்தது. பெங்களூரு அல்சூர் வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், இல்லாவிட்டால் கத்தியிருப்பேன்.

டெபியன் என்ற லினக்ஸ் வகையை 12-லிருந்து 13-க்கு ஏற்றியபோது ஒரு பிழைகூட வரவில்லை. ஆனால் ரீபூட் செய்தால் அதே பழைய 6.1. பூட் பார்ட்டிஷனில் (டிஸ்க்கில் தொடக்கக் கோப்புகள் இருக்கும் பகுதி) புதிய கெர்னலும் அதோடு ஏறும் இனிட்ரிடி கோப்பும் இருக்கின்றன, இடமும் தாராளம். கெர்னல் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘அப்டேட்-கிரப்’ ஓட்டினால் 6.12 கிடைத்தது என்கிறது. கணினி தொடங்கும்போது கெர்னலை ஏற்றும் கிரப்பின் மெனுவில் மட்டும் அதைக் காணோம். பட்டியலிலேயே இல்லாததால் டீஃபால்ட் அமைப்பைக் குறைசொல்லவும் வழியில்லை.

இரண்டு இரவு கிரப்பைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பார்த்தேன், பலனில்லை. மூன்றாம் இரவு மெனு காத்திருக்கும் நேரத்தை 5 நொடியிலிருந்து 15 ஆக்கி, அப்டேட்-கிரப் ஓட்டி, ரீபூட் செய்தேன். மெனு 5-லிருந்துதான் எண்ணியது! நான் எழுதும் கோப்பு ஒன்று, கிரப் படிக்கும் கோப்பு வேறொன்று. மெனுவில் ‘சி’ தட்டி கிரப்பின் கட்டளை வரிக்குள் போய், கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ போட்டேன். முதல் டிஸ்க்கின் இரண்டாம் பார்ட்டிஷனில் 6.1 மட்டும். அடுத்த டிஸ்க்கில் இரண்டுமே.

போன மார்ச்சில் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கை ‘டிடி’ போட்டு அப்படியே நகலெடுத்திருந்தேன். பழையது பேக்கப்பாக இருக்கட்டும் என்று பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டேன். டிடி, ஒவ்வொரு பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யுயுஐடிகளையும் சேர்த்தே நகலெடுக்கும். கணினியைத் தொடக்கும் பயாஸ் பழைய டிஸ்க்கைப் பிடிக்க, கிரப்பும் கெர்னலும் அங்கிருந்தே வந்திருக்கின்றன. அதன்பின் ரூட்டும் (முழு சிஸ்டமும் இருக்கும் பகுதி) பூட்டும் யுயுஐடி வழியாக எஸ்எஸ்டியிலிருந்து மவுண்ட் ஆகியிருக்கின்றன, அதாவது இணைந்திருக்கின்றன. வேகமெல்லாம் எஸ்எஸ்டி வேகம், அதனால் சந்தேகமே எழவில்லை. யுயுஐடிகளைக் காட்டும் ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ போட்டால் இரண்டு டிஸ்க்கும் கடைசி எழுத்து வரை ஒன்றே. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

இடையில் பழைய 6.1 கெர்னல் தொகுப்பைக் கையால் நீக்காதது பெரிய நிம்மதி. நீக்கியிருந்தால் எஸ்எஸ்டியில் 6.1-இன் மாட்யூல்கள் (டிரைவர் கோப்புகள்) போயிருக்கும், பழைய டிஸ்க்கிலிருந்து வரும் 6.1 கெர்னலுக்கு நெட்வொர்க்கூடக் கிடைத்திருக்காது.

பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைப் பிடுங்கியதும் 6.12 வந்துவிட்டது. ஆனால் அது தற்காலிகம்தான், யுயுஐடியை மாற்றியாக வேண்டும். இந்த வேலைக்கு எஸ்எஸ்டி கேபிளைக் கழற்றி, பழையதை மட்டும் மாட்டி, நிறுவாமலே லினக்ஸ் ஓடும் லைவ் யுஎஸ்பியில் கணினியை ஏற்றினேன். ஒரே பெயரில் இரண்டு டிஸ்க் இருக்கும்போது இந்தக் கட்டளைகளைத் தொடவே கூடாது. புது யுயுஐடி தரும் ‘டியூன்2எஃப்எஸ் -யு ரேண்டம்’ முதலில் மறுத்தது, இப்போதுதான் சோதித்த ஃபைல்சிஸ்டமாக இருக்கணுமாம். சோதிக்கும் கட்டளையான ‘இ2எஃப்எஸ்சிகே -எஃப்’ ஓட்டிவிட்டு மறுபடி அடித்ததும் ஒப்புக்கொண்டது. பூட், ரூட் இரண்டும் முடிந்தன. பார்ட்டிஷன் ஐடிகளையும் ‘எஸ்ஜிடிஸ்க் -ஜி’ போட்டுப் புதிதாக்கினேன், பயாஸில் உள்ள பூட் பதிவு அவற்றைத்தான் நம்புகிறது.

இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கும் (பயாஸ் முதலில் படிக்கும் பகுதி) ஸ்வாப்புக்கும் (ரேமுக்குத் துணையான பகுதி) யுயுஐடி மாற்றுவது இன்னும் பாக்கி. சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டில் அந்தக் கடைக்கே போய் பழைய டிஸ்க்கை வெளியே வைத்துக்கொள்ள ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கப் போகிறேன். அந்த அண்ணன் தமிழில் பேசி, பிரித்துக் காட்டித்தான் விற்பார். 3.5 அங்குல டிஸ்க் என்பதால் 12 வோல்ட் அடாப்டரோடு வருகிறதா என்று பார்த்துத்தான் எடுக்கணும். அதுவரை கேபிள் மேஜை டிராயரில்.