ஆற்றேன் அடியேன்

பண்ருட்டியிலிருந்து திருவதிகைக்கு ஆட்டோவில் சில நிமிடம்தான். அதற்குள் இரண்டு முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். மூன்று வருஷமாக இப்படித்தான். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் மனசுதான் என்று ஒரு டாக்டர் சொன்னதிலிருந்து, வீட்டில் யார் கேட்டாலும் “ஒண்ணுமில்லை” என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

கெடிலக்கரை வீரட்டானம், திரிபுரம் எரித்த தலம். பதினாறு பட்டை லிங்கத்தின் முன் நின்றபோதும் கை வயிற்றில்தான் இருந்தது. அப்புறம் திலகவதியார் சன்னதி அருகே போய் உட்கார்ந்தேன். சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரில் இருந்த தம்பி அப்பர், சூலை என்கிற வயிற்று வலி தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாக இந்த அக்காவைத் தேடித்தான் ஓடிவந்தார். அக்கா திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப்போக, அங்கே பாடியது நாலாம் திருமுறையின் முதல் பதிகம்.

வயிற்று வலிக்குப் படிக்கிற பதிகம் என்று பாட்டி காலத்திலிருந்தே தெரியும். மருந்து விழுங்குகிற மாதிரி வேகமாக ஒப்பித்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு சொல் நிறுத்திவிட்டது.

“தோற்றாதென் வயிற்றின் அகம்படியே
குடரோடு துடக்கி முடக்கியிட”

தோற்றாது. வெளியே தெரியாமல். அந்த ஸ்கேன் படம் நினைவுக்கு வந்தது. துடக்கி, முடக்கி: குடலை உள்ளே யாரோ சுருட்டிக் கட்டுவது போல இருக்குமே, அதேதான். பட்டவர்தான் இப்படி எழுத முடியும்.

தம்பியை மீட்டுத்தரும்படி அக்கா வேண்டினாள், ஈசன் சூலை கொடுத்து ஆட்கொண்டார் என்பது புராணம். வலியை அருள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் பாடுகிறவரே அப்படி ஆரம்பிக்கவில்லையே! “கூற்றாயினவாறு விலக்ககிலீர்” என்று எடுத்த எடுப்பிலேயே முறையிடுகிறார். எமனாக வந்திருக்கிறது, விலக்க மாட்டேன் என்கிறீரே என்று. பிறகு, “ஆற்றேன் அடியேன்.” தாங்க முடியவில்லை. அவ்வளவு பெரியவருக்கே அதைச் சொல்லக் கூச்சமில்லை.

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, “வாய்விட்டுப் படி தம்பி” என்றார். படித்தேன். இரண்டாவது பாட்டிலேயே குரல் உடைந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாரை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

வலி போய்விட்டதா என்றால், இல்லை. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி வந்தது. மனைவி விழித்து, “என்னங்க, வலிக்குதா?” என்றாள்.

“ஆமாம், ரொம்ப வலிக்குது” என்றேன்.