நூறு யூனிட் இலவசத்தோடு நல்ல ஃபேனையும் கொடுங்கள்

வீட்டில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசு என்ன செய்கிறது என்று பேச்சு வந்தாலே எல்லோரும் நேராக ஏசிக்குப் போய்விடுகிறார்கள். எத்தனை ஸ்டார், இன்வெர்ட்டரா இல்லையா, 24-இல் வைக்கலாமா 26-இல் வைக்கலாமா என்று. பேசட்டும், அதுவும் தேவைதான். ஆனால் தமிழ்நாட்டில் ஏசியே இல்லாத வீடுகள்தான் அதிகம். மாசி கழிந்ததிலிருந்து ஐப்பசி மழை வரும்வரை இரவும் பகலும் சுற்றுவது சீலிங் ஃபேன், மழை வந்த பிறகும் கொசுவுக்குப் பயந்து அது நிற்பதில்லை. அந்த ஃபேன் விஷயத்தில் நம் அரசுகள் பாதி மனதோடுதான் இருக்கின்றன என்பது என் வருத்தம்.

கணக்கைப் பார்த்துவிடலாம். வழக்கமான ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் அளவுக்கு இழுக்கும். தினமும் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் அந்த ஒரு ஃபேன் மட்டும் ஏறக்குறைய 67 யூனிட். இப்போது கடைகளில் கிடைக்கும் பிஎல்டிசி ஃபேன், அதாவது எலெக்ட்ரானிக் போர்டு வைத்து பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில் ஓடும் ஃபேன், 30 வாட் பக்கம்தான் இழுக்கிறது, அதே ஓட்டத்துக்கு 27 யூனிட். ஆக ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம், மூன்று ஃபேன் ஓடும் வீட்டில் 120 யூனிட். அரசு எல்லோருக்கும் தரும் 100 யூனிட் இலவசத்தைவிட அது அதிகம் என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை, மறுபடியும் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

நம்முடைய பில் முறையில் இந்த 120 யூனிட் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். 2022 செப்டம்பரில் கட்டணம் மாற்றியபோது இருந்த விலையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 1,958 ரூபாய். ஏனென்றால் 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டின் விலையும் 2.25-இலிருந்து 4.50 ஆகிவிடும். கோடையில் 550, 580 என்று நிற்கிற வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பில் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஹாலிலும் படுக்கை அறைகளிலும் ஃபேனை மாற்றிய பிறகு கோடை பில்லும் 500-க்குள்ளேயே நிற்கிறது. ஈபிக்காரர் ரீடிங் எடுக்க வரும் தேதி நெருங்கினால் வீட்டில் இருந்த பதற்றம் இப்போது இல்லை.

சரி, அரசு என்னதான் செய்திருக்கிறது? 2001-இல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது. அதை வைத்து 2002-இல் பிஇஇ என்ற மத்திய அமைப்பு. 2006-இல் ஸ்டார் லேபிள் தொடங்கியது, 2010-இல் ஏசி, ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ், டியூப்லைட் எல்லாவற்றுக்கும் கட்டாயமானது. சீலிங் ஃபேனுக்கு எப்போது கட்டாயம் ஆனது தெரியுமா? 2023 ஜனவரி 1. அதுவரை விருப்பமுள்ள கம்பெனி ஒட்டலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். நாட்டில் அதிக வீடுகளில், அதிக நேரம் ஓடும் பொருளுக்கு, ஏசிக்குப் பிறகு பதிமூன்று ஆண்டுகள் கழித்து!

லேபிள் நல்ல ஏற்பாடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் நட்சத்திரத்தை எண்ணிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், கீழே உள்ள எழுத்தைப் பார்ப்பதில்லை. லேபிளில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை செல்லும் என்று போட்டிருக்கும். அவ்வப்போது அளவுகோலை இறுக்குவார்கள். 2022 ஜூலையில் ஏசிக்கு இறுக்கியபோது அதுவரை 5 ஸ்டாராக இருந்தது 4 ஸ்டார் ஆனது. ஃப்ரிட்ஜில் இன்னொரு விஷயம், நட்சத்திரம் அதே வகை, அதே கொள்ளளவோடு ஒப்பிட்டுத் தரப்படுவது, அதனால் பெரிய 5 ஸ்டார் ஃப்ரிட்ஜ் சின்ன 3 ஸ்டார் ஃப்ரிட்ஜைவிட அதிகம் இழுக்கலாம். ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று லேபிளில் ஓர் எண் இருக்கிறதே, அதைத்தான் பார்க்க வேண்டும். ஏசிக்கு அந்த எண் 1,600 மணி நேர ஓட்டத்துக்குப் போட்டது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 200 நாள். அதற்கு மேல் ஓட்டுகிறவர்கள் அந்த விகிதத்தில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஃபேனுக்கு ஸ்டார் தருவது எளிமையான கணக்கு: நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பதை அது இழுக்கும் வாட்டால் வகுக்கிறார்கள். அதனால் “கரண்ட் கம்மியா இழுத்தா காத்தும் கம்மியாத்தானே வரும்” என்று சொல்பவர்கள் பயப்பட வேண்டாம், காற்றையும் சேர்த்துத்தான் மதிப்பெண். என் அம்மாவும் இதையேதான் கேட்டார். மதியம் ஃபேனுக்கு அடியில் ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு கேட்கவில்லை. கிராமத்தில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது சாதா ஃபேன் இறக்கையை எண்ணும் அளவுக்கு மெதுவாகச் சுற்றும், பிஎல்டிசி வேகம் குறையாமல் ஓடும். பேட்டரி இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கரண்ட் போனாலும் இரண்டு மடங்கு நேரத்துக்கு மேல் தாங்கும்.

அப்படியானால் ஏன் எல்லோரும் வாங்குவதில்லை? விலை ஒரு காரணம், சாதா ஃபேனைப் போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் விலைக்கு வழி உண்டு என்று இந்த நாடே ஒரு தடவை காட்டியிருக்கிறது. 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் தொடங்கியது. மத்திய மின்துறையின் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் இஇஎஸ்எல், கோடிக்கணக்கில் எல்இடி பல்புக்கு மொத்தமாக டெண்டர் விட்டது. 2014-இல் கொள்முதல் விலை பல்புக்கு 310 ரூபாய். 2016-இல் 38 ரூபாய். இன்று மூலைக்கடையில்கூட குண்டு பல்பு தேடினால்தான் கிடைக்கும். இத்தனைக்கும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, மொத்தமாக வாங்கியதிலேயே சந்தை மாறிவிட்டது. 2023 இறுதியில் அதே இஇஎஸ்எல் ஒரு கோடி ஃபேனுக்கும் திட்டம் அறிவித்தது. பல்புக்கு இருந்த வேகமும் பரபரப்பும் அதற்கு இல்லை. நம் தெருவில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், அப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 2016-லிருந்து தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். ஒரு ஃபேன், இரண்டு லைட் என்று 100-க்குள் முடித்துவிடுகிற வீட்டுக்கு பில்லே வராது. அவர்கள் எதற்காக மூவாயிரம் ரூபாய் போட்டு ஃபேன் மாற்றுவார்கள்? மாற்றினால் அவர்களுக்கு ஒரு பைசாவும் மிஞ்சாது. மிஞ்சுவது அரசுக்கு, ஏனென்றால் அந்த யூனிட்டுக்கு மின்வாரியத்துக்கு மானியம் கட்டுவது அரசுதான். அப்படியென்றால் ஃபேனை வாங்கித் தர வேண்டியவரும் அரசுதானே! ஒரு வீட்டுக்கு ஒரு ஃபேன் என்றால் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் வரை குறையும், வருடத்துக்கு 240. அத்தனை யூனிட்டுக்கான மானியத்தை ஒவ்வொரு வருடமும் கட்டுவதா, ஒரு தடவை ஃபேன் வாங்கித் தருவதா என்று நிதித்துறையில் உட்கார்ந்து யாராவது கணக்குப் போட வேண்டும். இலவசத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை, நிறுத்தவே கூடாது. அந்த வெயிலில் தகர ஷீட்டுக்கு அடியில் படுக்கும் குடும்பத்துக்கு அந்த 100 யூனிட் உயிர். அதே 100 யூனிட்டில் அவர்கள் இன்னும் ஒரு ஃபேன் ஓட்டலாம், ஒரு ஃப்ரிட்ஜ் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறேன்.

நமக்கு இது புதிதும் அல்ல. 2011-இல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மூன்றையும் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குக் கொடுத்த மாநிலம் இது. டெண்டர் விடத் தெரியும், தாலுகா தாலுகாவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியும். அந்த அனுபவத்தோடு இந்தத் தடவை 5 ஸ்டார் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும்.

டெண்டரில் இன்னொன்றையும் எழுத வேண்டும்: உதிரிபாகம். சாதா ஃபேன் மெதுவானால் தெரு முனை எலெக்ட்ரீஷியன் கண்டன்சரை மாற்றிவிட்டுப் போய்விடுவார், கை வைத்தால் முடிந்தது. பிஎல்டிசியில் போர்டு போனால் கம்பெனி சர்வீஸுக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு வேலை செய்யும் அண்ணன் “போர்டு எங்க கைக்குக் கிடைச்சா நாங்களே மாத்திருவோமே” என்கிறார். நியாயமான பேச்சு. எந்தக் கம்பெனி ஃபேனுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே வகை போர்டு, அது மின்சாமான் கடையில் கிடைக்க வேண்டும், ஐடிஐயில் அதைப் பழுது பார்க்கச் சொல்லித்தர வேண்டும். இது இல்லாமல் எத்தனை ஃபேன் கொடுத்தாலும் இரண்டு மூன்று வருடத்தில் மக்கள் பழைய சாதா ஃபேனுக்கே திரும்பிவிடுவார்கள்.

வாடகை வீடு தனிக் கதை. ஃபேன் ஓனருடையது, பில் குடியிருப்பவருடையது. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் என்று வாங்குகிற வீடுகளில் அந்த 100 யூனிட் இலவசமும் குடியிருப்பவரை எட்டுவதில்லை. மொட்டை மாடிக்கும் இதே நிலைமைதான். வெள்ளை கூல் டைல்ஸ் ஒட்டினால் மேல்மாடி வீட்டில் சூடு நன்றாகத் தணியும், ஆனால் செலவு ஓனருக்கு, சுகம் குடியிருப்பவருக்கு. தெலங்கானா 2023-இல் கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்து, அரசுக் கட்டடங்களோடு 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட இடத்தில் கட்டும் வீடுகளுக்கும் கட்டாயமாக்கியது. நாமும் பிளான் அப்ரூவல் தரும் இடத்திலேயே இதைக் கேட்கலாம்.

அதெல்லாம் வரும்வரை, வாடகை வீட்டில் இருப்பவர்கள் பெட்ரூமுக்கு மட்டுமாவது சொந்தமாக ஒரு 5 ஸ்டார் ஃபேன் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். ஓனருடைய ஃபேனைக் கழற்றித் துடைத்துப் பரணில் வைத்துவிடுங்கள், வீடு மாறும்போது அதை மாட்டிவிட்டு உங்களுடையதை எடுத்துக்கொண்டு போகலாம். பில்லை பத்திரமாக வைத்திருங்கள், வாரண்டிக்குக் கேட்பார்கள்.