அரைச் செக்கன் ஓய்வு: இதயக் கிளினிக் நாட்குறிப்பு

ஓகஸ்ட் 4, திங்கள்

ஆயிரம் லீற்றர் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும் ஒருவரின் இதயம் ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் குருதியைத் தள்ளும். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஐந்தேகால் லீற்றர். ஒரு நாளைக்கு அது ஏழரைத் தாங்கி. உடம்பில் இருக்கும் குருதியோ மொத்தம் ஐந்து லீற்றர் அளவுதான். ஈரல் புதிது புதிதாகக் குருதியைச் சுரக்கிறது, உடம்பு அதை உறிஞ்சித் தீர்க்கிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1628இல் வில்லியம் ஹார்வி இதே மாதிரிக் கணக்குப் போட்டுத்தான் அதைக் கவிழ்த்தார். அவ்வளவைச் சுரக்க எந்த ஈரலாலும் ஏலாது. போனதுதான் திரும்பி வருகிறது.

வருகிற வழி இது. மேற்பெருநாளமும் கீழ்ப்பெருநாளமும் வலது சோணையறைக்குள் கொண்டுவந்து விடும். முக்கூர் வால்வைத் தாண்டி வலது இதயவறை, அங்கிருந்து நுரையீரல் நாடி வழியே நுரையீரல். ஒட்சிசன் ஏற்றிக்கொண்டு நுரையீரல் நாளங்கள் வழியே இடது சோணையறை, இருகூர் வால்வு, இடது இதயவறை, கடைசியில் தொகுதிப் பெருநாடி. வலது இதயவறை பக்கத்திலுள்ள நுரையீரலுக்குத் தள்ளினால் போதும். அதன் உச்ச அழுத்தம் 25 மில்லிமீற்றர் இரசம் அளவு, சுவர் மூன்று நான்கு மில்லிமீற்றர். இடது இதயவறை உச்சி முதல் உள்ளங்கால் வரை தள்ளவேண்டும். உச்ச அழுத்தம் 120, சுவர் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் தமனி, சிரை என்றிருப்பது எங்கள் பாடசாலைப் புத்தகத்தில் நாடி, நாளம். வீட்டில் இரண்டுக்கும் பெயர் நரம்பு. "நரம்பில ஊசி போட்டவை" என்றால் நாளத்தில் போட்டது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த மானிப்பாய் இருக்கும் யாழ்ப்பாணம் இது. ஆனாலும் நரம்பு என்ற சொல்லை மட்டும் எவராலும் அசைக்க முடியவில்லை.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று விட்ட முக்கியமான விஷயம். உள்ளே இவ்வளவு குருதி ஓடியும் இதயத் தசை அதில் நேரே குடிப்பதில்லை. பெருநாடி தொடங்கும் இடத்திலேயே பிரியும் முடியுரு நாடிகள் இரண்டுதான் அதற்குச் சாப்பாடு கொண்டுபோகின்றன. இடது இதயவறை சுருங்கும்போது அதன் தசை தன் குழாய்களைத் தானே நசுக்கிவிடும். ஆகவே தசை விரிந்திருக்கும் நேரத்தில்தான் அதற்குப் பெரும்பாலான குருதி கிடைக்கும்.

நிமிடத்துக்கு 75 துடிப்பில் ஒரு சுற்றுக்கு 0.8 செக்கன். சுருக்கத்துக்கு 0.3, ஓய்வுக்கு 0.5. துடிப்பு 120க்கு ஏறினால் சுற்று 0.5 செக்கனுக்குக் குறையும். அப்போது சுருக்கம் கொஞ்சம்தான் குறையும்; ஓய்வு பாதியாகிவிடும். வேலை கூடுகிறது, சாப்பாட்டு நேரம் குறைகிறது. சுத்தமான குழாய்கள் அகன்று கொடுத்து இதைச் சமாளிக்கும். கொழுப்புப் படிந்து ஒடுங்கிய குழாயால் அகல முடியாது. அதனால்தான் படுத்திருக்கும்போது வராத நெஞ்சுநோ, கோயில் வீதியில் சுறுக்காக நடக்கையில் வருகிறது, நின்றால் அடங்குகிறது. அற்றெனலோல், பிசோப்றலோல் போன்ற பீற்றா புளொக்கர் குளிசைகளின் முக்கிய வேலை அந்த அரைச் செக்கனை மீட்டுக் கொடுப்பது. ஒரே நாளில் அவற்றை நிறுத்தினால் துடிப்பு பாய்ந்து ஏறும், நோவும் திரும்பும். முட்டு (ஆஸ்துமா) உள்ளவர்கள் அதை முதலிலேயே வைத்தியருக்குச் சொல்லவேண்டும்.

ஓகஸ்ட் 9, சனி

பிறசர். வீட்டு மெசின் ஒன்று சொல்கிறது, கிளினிக் மெசின் வேறொன்று சொல்கிறது என்ற முறைப்பாடு ஓயாது. பெரும்பாலும் மெசினில் பிழை இல்லை.

அளக்க முன் அரை மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி, கோப்பி, சுருட்டு, புகையிலை போட்ட வெற்றிலை எதுவும் வேண்டாம். புகைத்தாலும் சப்பினாலும் நிக்கொற்றின் நாடிகளை இறுக்கும். சலம் கழித்துவிட்டு வரவேண்டும். முதுகு சாய்ந்த கதிரையில் ஐந்து நிமிடம் இருக்கவேண்டும், கால் மேல் கால் போடாமல், பாதம் நிலத்தில் பட. கை மேசையில், இதயத்தின் உயரத்தில். கை தொங்கினால் ஒவ்வொரு 10 சென்ரிமீற்றருக்கும் ஏழெட்டுப் புள்ளி கூடக் காட்டும். பட்டியின் உள்ளிருக்கும் காற்றுப் பை மேற்கைச் சுற்றளவில் ஏறத்தாழ 80 வீதத்தைச் சுற்றவேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் இல்லாத பிறசர் வரும். கிளினிக்கில் நடக்கும் பிழைகளில் இதுதான் பெரியது. ஒரே ஒரு பட்டியை வைத்துக்கொண்டு எல்லாரையும் அளப்பது. சட்டைக் கைக்கு மேலால் கட்டுவது அடுத்தது. அளக்கும்போது கதைக்கவும் கூடாது. பக்கத்துக் கதிரைக்காரரின் கேள்விக்கு மறுமொழி சொன்னாலே பத்துப் புள்ளி ஏறலாம்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரியைக் கொப்பியில் எழுதுங்கள், காலையில் குளிசை போட முன்னம். கிளினிக்கில் 140/90 எல்லை என்றால் வீட்டில் 135/85. நாடித்துடிப்பு தாளம் தப்பி ஓடுபவர்களுக்கு இந்த மெசின்கள் அவ்வளவு நம்பகமில்லை. மூன்று முறை அளக்கவேண்டும்.

உப்பு: சமையலில் போடுவது, வாங்கும் பண்டத்தில் இருப்பது எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம், மட்டமாக ஒரு தேக்கரண்டி. ஆனையிறவு உப்பாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். கறியில் குறைத்துவிட்டு மோர்மிளகாயும் கருவாட்டுப் பொரியலும் ஊறுகாயும் தொட்டுக்கொண்டால் குறைத்தது எங்கே?

ஓகஸ்ட் 13, புதன்

"வாய்வுதான், சோடா குடிச்சாச் சரி."

மாரடைப்பில் நேரம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில். வாய்வு என்று நினைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. இதயத்தின் அடிப்புறச் சுவர், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் மேல் இருக்கிறது. வலது முடியுரு நாடி அடைபட்டு அந்தச் சுவர் பாதிக்கப்பட்டால் நோ மேல்வயிற்றில் தெரியும், சத்தி வரும், குப்பென்று வியர்க்கும், நாடி மெதுவாகும். ஓமத்தண்ணியும் இஞ்சியும் கொடுக்கத் தோன்றுவது இயல்பு. ஒரு ஏப்பம் வந்தால் எல்லாரும் ஆறுதலடைவார்கள். அடைப்பு அப்படியே இருக்கும்.

நடப்பது இதுதான். நாடிச் சுவரில் பல வருடமாகப் படிந்த கொழுப்புத் திட்டின் மூடி கிழிகிறது. காயம் என்று எண்ணிக் குருதித் தட்டுக்கள் அங்கே ஒட்டுகின்றன, கட்டி உறைகிறது, குழாய் மூடுகிறது. அரை மணித்தியாலத்துக்குள் தசை சாகத் தொடங்கும். உட்புறத்தில் தொடங்கி வெளிப்புறம் நோக்கிப் பரவும். ஆறு மணித்தியாலத்தில் பெரும்பகுதி போய்விடும். செத்த இதயத் தசை திரும்ப முளைப்பதில்லை, தழும்புதான் மிஞ்சும்.

நடு நெஞ்சில் அமுக்கம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் நோ, வியர்வை, மூச்செடுக்கக் கஷ்டம்: இவை 15 நிமிடத்துக்கு மேல் நின்றால் காத்திருக்க வேண்டாம். சலரோகக்காரருக்கு நோ வராமலே மாரடைப்பு வரலாம், நோவை உணரும் நரம்புகள் மழுங்கிவிடுவதால். அவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் திடீர்க் களைப்பும் இளைப்பும் மட்டுமே அடையாளமாக இருக்கலாம்.

செய்யவேண்டியது: ஆளை நடக்கவிடாமல் சாய்த்து இருத்துங்கள். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், காசில்லை, வடக்கில் 2018 ஜூலையில் இருந்து ஓடுகிறது. ஒழுங்கைக்குள் வீடு என்றால் ஒருவர் ரோச் லைற்றோடு ஒழுங்கை முகப்பில் நிற்கட்டும். கோயில், பாடசாலை, சந்தி என்று அடையாளம் சொல்லுங்கள். உறுதியில் இருக்கும் காணிப் பெயர் அம்புலன்ஸ்காரருக்கு உதவாது. அஸ்பிரின் 300 மில்லிகிராம், அதாவது 75 மில்லிகிராம் குளிசை என்றால் நான்கு, சப்பி விழுங்கச் சொல்லுங்கள். முழுசாக விழுங்கினால் வேலை செய்யப் பிந்தும். அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவருக்கும், குடற்புண்ணில் இரத்தம் போகிறவருக்கும் வேண்டாம். மோட்டார்சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோவது கடைசித் தெரிவு. வழியில் இதயம் நின்றால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆஸ்பத்திரிக்குள் வந்து பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கப்படவேண்டும். குழாய் முழுதாக அடைபட்ட அடையாளம் தெரிந்தால் வழி இரண்டு: கையாலோ தொடையாலோ கம்பி விட்டு பலூனால் திறந்து ஸ்ரென்ற் என்ற கம்பிவலைக் குழாய் வைப்பது, அல்லது கட்டியைக் கரைக்கும் ஊசி. ஸ்ரெப்ரோகைனேஸ் என்றால் 15 இலட்சம் அலகு, ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் ஏற்றுவார்கள். அதை ஒருமுறை எடுத்தவருக்குத் திரும்பக் கொடுப்பதில்லை. உடம்பு அதற்கு எதிர்ப்பை உண்டாக்கி வைத்திருக்கும். ஆகவே பழைய கிளினிக் கொப்பியைக் கட்டாயம் கொண்டுபோங்கள். ரெனெக்ரெப்பிளேஸ் நிறையைப் பார்த்து ஒரே ஊசியில் முடியும். கரைக்கும் ஊசிக்கு 12 மணித்தியாலம் வரை இடமுண்டு என்றாலும் முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் கிடைக்கும் பலன் பிறகு கிடைக்காது. நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகிலேயே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். தீவில் இருப்பவருக்குச் சோடா குடித்துப் பார்க்க நேரமே இல்லை.

ஓகஸ்ட் 14, வியாழன்

நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கும் ஜி.ரி.என். குளிசை பற்றி நேற்றே எழுதியிருக்கவேண்டும். இருந்துகொண்டு வையுங்கள், நின்றால் பிறசர் இறங்கி விழக்கூடும். விழுங்கக்கூடாது. ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 1990. கறுப்புக் கண்ணாடிப் போத்தலிலேயே இருக்கட்டும். கடதாசியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தால் மருந்து பறந்துவிடும், வெறும் மாவுதான் மிஞ்சும். ஆண்மைக் குறைவுக்கு சில்டெனாபில் எடுத்தவர் 24 மணித்தியாலத்துக்கு இதைத் தொடக்கூடாது. வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம், ஆனால் உயிர் போகிற விஷயம்.

ஓகஸ்ட் 18, திங்கள்

வால்வு. சிறுபிள்ளைத் தொண்டை நோவில் தொடங்கி நாற்பது வயதில் மூச்சிளைப்பில் வந்து நிற்கும் கதை இது. 5 முதல் 15 வயதுக்குள் ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமியால் தொண்டை நோ வரும். அதற்கெதிராக உடம்பு உண்டாக்கும் ஆயுதம், இரண்டு மூன்று கிழமை கழித்து, ஆள் மாறி இதயத்தையும் மூட்டுக்களையும் தாக்கும். இது வாதக் காய்ச்சல். இன்றைக்கு முழங்கால், நாளைக்குக் கணுக்கால் என்று வீக்கம் இடம் மாறும். மூட்டு முழுதாகச் சுகமாகும். வால்வுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

அதிகம் அடிபடுவது இருகூர் வால்வு. சாதாரணமாக 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர் திறக்கும் கதவு, இதழ்கள் ஒட்டி 1.5க்கும் கீழே ஒடுங்கும். இங்கேயும் கணக்கு அதே அரைச் செக்கன்தான்: இடது இதயவறை நிரம்புவது ஓய்வு நேரத்தில். கதவு சிறிதென்றால் நிரம்ப அதிக நேரம் வேண்டும். காய்ச்சலிலோ மாடிப்படியிலோ துடிப்பு ஏறினால் குருதி நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். கர்ப்பத்தில் குருதியின் அளவு ஏறத்தாழப் பாதியால் கூடி, துடிப்பும் ஏறுவதால், அதுவரை ஒன்றும் தெரியாமல் இருந்த பெண்ணுக்கு ஐந்தாம் ஆறாம் மாதத்தில் முதன்முதலாக இளைக்கும். கர்ப்பத்தில் இளைக்கும்தானே என்று விடாமல் ஒருமுறை நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கவேண்டும்.

தடுப்பு மலிவானது. அந்தக் கிருமியால் வந்த தொண்டை நோவுக்குப் பெனிசிலின் பத்து நாள் முழுவதும். மூன்றாம் நாள் சுகமென்று நிறுத்தக்கூடாது. ஒருமுறை வாதக் காய்ச்சல் வந்தவருக்கு பென்சதீன் பெனிசிலின் 12 இலட்சம் அலகு, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை இடுப்பில், வருடக் கணக்காக. வால்வு கெட்டிருந்தால் குறைந்தது பத்து வருடம், அல்லது நாற்பது வயது வரை, எது பிந்தியதோ அது. ஊசி நோகும், பிள்ளை அழும், தாய்மார் ஒரு தவணையை விட்டுவிடுவார்கள். அந்த ஒரு தவணைக்குள் திரும்ப வரலாம்.

ஒடுங்கிய வால்வுக்குப் பின்னால் சோணையறை வீங்கும். வீங்கிய சோணையறை தாளம் தப்பித் துடிதுடிக்கும். குருதி தேங்கிக் கட்டி உறையும், அது மூளைக்குப் போனால் பாரிசவாதம். ஆகவே குருதி உறையாமல் தடுக்கும் வோஃபரின் குளிசை. குருதி உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும்; இருகூர் இடத்தில் உலோக வால்வு என்றால் 2.5 முதல் 3.5. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணியில் உள்ள விற்றமின் கே வோஃபரினுக்கு எதிரானது. கீரையே வேண்டாமென்று விடத் தேவையில்லை. ஒரு கிழமை தினமும் வறை, அடுத்த கிழமை ஒன்றுமில்லை என்றில்லாமல் சீராகச் சாப்பிட்டால் குளிசை அளவை அதற்கேற்ப வைக்கலாம். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகப் போடவேண்டாம். கடையில் டைக்ளோபெனாக் என்ற நோக் குளிசையை வாங்கிப் போடவே வேண்டாம்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விரதமிருப்போர் கூட. வெறும் வயிற்றில் போடக்கூடாதென்று பிறசர்க் குளிசையையும் விட்டுவிடுகிறார்கள். அஸ்பிரினைச் சாப்பாட்டோடு போடவேண்டும், சரி. பீற்றா புளொக்கரில் அற்றெனலோல், பிசோப்றலோல், கொழுப்புக்கான அற்றோர்வஸ்ரற்றின், பிறசருக்கான அம்லோடிப்பின் ஆகியவற்றுக்கு வயிறு பொருட்டில்லை. ஒரு மிடறு தண்ணீர் போதும். சிக்கலானவை இரண்டு: சலரோகக் குளிசைகள், சலம் போக்கும் பிறுசமைட். தண்ணீர் குடிக்காமல் பிறுசமைட் போட்டு வெயிலில் அங்கப்பிரதட்டை செய்தால் பிறசர் இறங்கிவிடும். இந்த இரண்டையும் விரதத்துக்கு முன்னமே கிளினிக்கில் கேட்டு மாற்றவேண்டும்.

ஓகஸ்ட் 25, திங்கள்

இதயம் பலமிழந்தவர்களுக்கு. காலையில் எழும்பி, மலசலம் கழித்து, சாப்பிட முன், ஒரே மாதிரி உடுப்போடு நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது கொழுப்பில்லை, தண்ணீர். கால் வீங்க முன் தராசு சொல்லிவிடும். பெருவிரலால் கணுக்காலை அமுக்கிக் குழி நிற்கிறதா பாருங்கள். இரவில் எத்தனை தலையணை என்பதையும் எழுதுங்கள். ஒன்று மூன்றானால் நுரையீரலில் தண்ணீர்.

ஒன்றரை லீற்றர்தான் குடிக்கலாம் என்று சொல்லப்பட்டால் அந்த அளவுப் போத்தல் ஒன்றை நிரப்பி வையுங்கள். தேத்தண்ணி, கஞ்சி, கூழ், ரசம் எது குடித்தாலும் அதே அளவைப் போத்தலில் இருந்து வெளியே ஊற்றுங்கள். போத்தல் முடிந்தால் அன்றைய பங்கு முடிந்தது. பிறுசமைட் காலையில், இரண்டாவது தரம் இருந்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு முன்னம், இல்லாவிட்டால் இரவு முழுக்க எழும்பி நடக்கவேண்டும். ஸ்பைரனோலக்ரோன், எனலப்பிறில் எடுப்பவருக்கு, சிறுநீரகமும் பலவீனம் என்றால், தினமும் செவ்விளநீர் வேண்டாம். அதில் பொற்றாசியம் கூட, இந்தக் குளிசைகளும் அதை உடம்பில் தேக்கும்; அது ஏறினால் இதயத்தின் தாளமே குலையும். எனலப்பிறில் தொடங்கி வறட்டு இருமல் வந்தால் பாணி மருந்து தேடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள், லொசார்ட்டனுக்கு மாற்றுவார்கள்.