நாலு பேர், ஒரே மருந்து

தாராவியில் எங்கள் வீட்டில் காய்ச்சலுக்குப் 'புகார்' என்றுதான் பேர். இந்திக்காரர்கள் சொல்லும் சொல். மெடிக்கலில் போய் "புகார் கா கோலி" கேட்டே பழகிய அம்மா, அம்பாசமுத்திரத்துக்குப் போனாலும் அதே வாயோடு "பிள்ளைக்குப் புகாரா இருக்கு" என்பாள். யார் மேல புகார் என்று ஊரில் சிரிப்பார்கள்.

போன ஜூலையில் அம்மாவுக்கே அந்தப் புகார் வந்தது. ஒரு வாரமாக விடாத மழை. 90 அடி சாலையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். மும்பையில் அந்த மாதத்துக் காய்ச்சல் என்றால் மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் மூன்றும் வரிசையாக நினைவுக்கு வரும். ஆனாலும் முதல் நாளே யார் டாக்டரிடம் போகிறார்கள்? வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் டோலோ 650 ஒன்றைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்தாலும் டோலோ தீராது.

இரண்டாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றாள். காய்ச்சலில் கிடக்கிறவள் அசந்து தூங்கத்தானே வேண்டும்? தலையணைக்கு அடியில் கையை விட்டு வெற்றிலைப் பையை எடுத்தாள். அதோடு ஒரு மாத்திரை அட்டையும் வந்து விழுந்தது. பனடால் எக்ஸ்ட்ரா. மஸ்கட்டில் இருக்கும் என் தம்பி ஒவ்வொரு முறையும் பேரீச்சம்பழம், கோடரித் தைலம் இவற்றோடு கொண்டுவந்து கொட்டும் சரக்கு.

"இது எப்பம்மா போட்ட?"

"சாயங்காலம் ரெண்டு. வெளிநாட்டு மாத்திரைலே, நல்லாக் கேக்கும்."

விளக்கைப் போட்டு அட்டையைத் திருப்பிப் படித்தேன். பாராசிட்டமால் 500 மில்லிகிராம், காஃபீன் 65 மில்லிகிராம். தூக்கம் ஏன் வரவில்லை என்பது அங்கேயே புரிந்துவிட்டது. இரண்டு மாத்திரையில் 130 மில்லிகிராம் காஃபீன். ஆனால் என்னை உலுக்கியது முதல் வரிதான். டோலோ அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதிலும் பாராசிட்டமால், 650. நேற்று ராத்திரி ஒன்று, இன்று காலை ஒன்று, மத்தியானம் ஒன்று என்று மூன்றை நானே கணக்காகக் கொடுத்திருந்தேன்.

சத்தம் கேட்டு எழுந்து வந்த என் மனைவி, "அத்தைக்கு மூட்டுவலி மாத்திரையும் குடுத்தேனே, வழக்கம்போல ரெண்டு வேளையும்" என்றாள். அந்த அட்டையில் அசெக்ளோஃபெனாக் 100, அதன் கீழே பாராசிட்டமால் 325. இரண்டு வருடமாக அம்மா சாப்பிடும் மாத்திரை. அதற்குள் இது இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. மூக்கு ஒழுகுகிறது என்று அக்கா மெடிக்கலில் இருந்து சளி மாத்திரை வாங்கி அனுப்பியிருந்தாள். கடைக்காரர் கத்தரியால் வெட்டிக் கொடுத்த துண்டு. அதில் பாதிப் பேர் போய்விட்டது, மில்லிகிராமும் போய்விட்டது, காலாவதி தேதியும் போய்விட்டது. நல்லவேளை, மீதித் துண்டு அக்காவிடம் இருந்தது. அந்த நேரத்தில் போன் போட்டு எழுப்பிப் படிக்கச் சொன்னேன். பாராசிட்டமால் 500, ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின். அதில் அம்மா இரண்டு போட்டிருந்தாள். ஃபினைல்எஃப்ரின் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்று பிறகு தெரிந்தது. அம்மாவுக்கு பிபி உண்டு.

சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கூட்டினேன். டோலோ மூன்று, 1950. பனடால் இரண்டு, 1000. சளி மாத்திரை இரண்டு, 1000. மூட்டுவலி மாத்திரை இரண்டு, 650. மொத்தம் 4600 மில்லிகிராம், 24 மணி நேரத்துக்குள். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4000தான் உச்சவரம்பு. அம்மா 67 வயது, 48 கிலோ. இரண்டு நாளாகக் கஞ்சித் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை.

யாரையும் திட்ட முடியவில்லை. நாலு பேர் நாலு பெயரில், நாலு விதமான அக்கறையில் ஒரே மருந்தைக் கொடுத்திருந்தோம். நாலு பேரில் அம்மாவும் ஒருத்தி.

குடும்ப டாக்டரை எழுப்பினேன். பாவம், திட்டாமல் எடுத்தார். அம்மா நன்றாகத்தான் பேசுகிறாள், காலையில் வரட்டுமா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "பாராசிட்டமால் அதிகமானால் முதல் நாள் எல்லாரும் நன்றாகத்தான் பேசுவார்கள்." குமட்டல் வரலாம், வராமலும் போகலாம். கல்லீரல் கெட்டால் அது வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், அத்தனை அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். கணக்கு எழுதிய காலண்டர் தாளையும் எடுத்துக்கொண்டேன். ஆட்டோவில் அம்மா முழுக்க என்னைத்தான் வைதாள். மாத்திரை போட்டதற்கு ஆஸ்பத்திரியா என்று.

அங்கே இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டர் அந்தத் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். பெரும்பாலும் நோயாளிகள் "வெள்ளையா ஒரு மாத்திரை" என்றுதான் சொல்வார்களாம். கல்லீரல் பரிசோதனை, இரத்தம் உறையும் நேரம், இரத்தத்தில் பாராசிட்டமால் அளவு, டெங்குவுக்கு என்எஸ்1 என்று நாலு குழாய் இரத்தம் எடுத்தார்கள். காத்திருந்த நேரத்தில் அவர் விளக்கினார். நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் பக்குவமாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. கொஞ்சம் மட்டும் நச்சாக மாறும். அதை அடக்க குளுட்டாதயோன் என்ற ஒன்றைக் கல்லீரல் கையிருப்பாக வைத்திருக்கிறது. அளவு மீறினால் கையிருப்பு தீரும். பட்டினி கிடந்தாலும், தினமும் குடிக்கிறவர்களுக்கும் அது முதலிலேயே குறைவு. தீர்ந்த பிறகு நச்சு கல்லீரலையே தின்னும். அசிடைல்சிஸ்டைன் என்ற முறிமருந்து உண்டு. ஒரே தடவையில் நிறைய விழுங்கியவர்களுக்கு 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். தாமதமானாலும் கொடுப்பார்கள், ஆனால் அந்த நேரம் பொன்னானது.

எனக்குக் குடிக்கிற என் மச்சானின் ஞாயிற்றுக்கிழமைத் தலைவலியும் அதற்கு அவர் போடும் மாத்திரைகளும் நினைவுக்கு வந்தன. அவரிடம் சொல்லிப் பார்த்தேன். அது தனிக் கதை.

விடிகாலையில் முடிவு வந்தது. கல்லீரல் அளவுகள் சரியாக இருந்தன, முறிமருந்து தேவைப்படவில்லை. மறுநாள் திரும்ப எடுத்துப் பார்த்ததிலும் சரி. ஆனால் என்எஸ்1 பாசிட்டிவ். டெங்கு.

அப்புறம்தான் டாக்டர் உண்மையிலேயே கோபப்பட்டார், அதுவும் நான் பயந்த 4600-க்காக அல்ல. மூட்டுவலி மாத்திரையைக் கையில் எடுத்து, "டெங்கு இல்லை என்று தெரியும்வரை இந்த வகையே வாயில் படக்கூடாது" என்றார். அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே கூட்டம். டெங்குவில் இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையும்போது இவை இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். மும்பை மழைக்காலத்தில் எந்தக் காய்ச்சலுக்கும் இதுதான் பாடம். உடம்பு வலி தாங்கவில்லை என்று காம்பிஃபிளாம் போடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதில் ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325, இரண்டுமே இருக்கின்றன. இதயத்துக்காக டாக்டர் சொல்லித் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தாமல் அவரிடமே கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வரும்போது டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு வகை மாத்திரை. பாராசிட்டமால் 500, தேவைப்பட்டால் மட்டும், ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நாலுக்கு மேல் இல்லை. அம்மாவின் எடைக்கு அவர் எழுதியது அது. மற்ற அட்டைகளை எல்லாம் மாரி பிஸ்கட் தகர டப்பாவில் போட்டு அலமாரி மேல் ஏற்றினேன். கொடுக்கும் வேலை என் மனைவிக்கு மட்டும். கொடுத்ததும் மணியை காலண்டர் தாளின் பின்பக்கம் எழுத வேண்டும். அம்மாவே எழுந்து கேட்டாலும் தாளைப் பார்க்காமல் கிடையாது.

கடினமாக இருந்தது மாத்திரையை நிறுத்திப் பிடிப்பதுதான். நாலு மணி நேரத்தில் காய்ச்சல் திரும்ப ஏறும். உடனே மருந்து வேலை செய்யவில்லை என்று மனம் பதறும். பாராசிட்டமால் டெங்குவைக் குணப்படுத்துவதில்லை, சூட்டையும் வலியையும் கொஞ்ச நேரம் தணிக்கும், அவ்வளவுதான். தெர்மாமீட்டர் 99.5 காட்டினால் ஒன்றும் கொடுக்காமல் இளநீரும் மோரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுத்தோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அப்போதுதான் கவனமாக இரு என்று டாக்டர் சொல்லியிருந்தார். டெங்குவில் சூடு இறங்கும் நாட்கள்தான் ஆபத்து. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், சிறுநீர் குறைவு, மயக்கம், இதில் ஒன்று வந்தாலும் ஓடிவரச் சொன்னார். ஒன்றும் வரவில்லை. தட்டணுக்கள் 92,000 வரை இறங்கித் தானாகவே ஏறின.

அடுத்த மாதம் மகனுக்குக் காய்ச்சல். ஆறு வயது, 18 கிலோ. இந்த முறை முதலில் பாட்டில்களைத் திருப்பிப் பார்த்தேன். பழைய சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். புதியதில் அதே 5 மில்லிக்கு 250. கைக்குழந்தைக்கு வாங்கி மிஞ்சிய சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100. "அஞ்சு எம்எல் குடு" என்று போனில் சொன்னால் எந்தப் பாட்டிலில் இருந்து? ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது டாக்டர்கள் போடும் கணக்கு. இவனுக்கு 250 பாட்டிலில் 5 மில்லி சரியாக வந்தது. டாக்டரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அளந்தது மூடியோடு வந்த அளவுக் கோப்பையில், சமையலறைக் கரண்டியில் அல்ல. கடைக்காரர் "ஸ்ட்ராங்கா வேணுமா" என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். நிமசுலைடு என்ற காய்ச்சல் மருந்தை 12 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2011-லேயே தடை வந்துவிட்டது என்பதால், அவர் எதைச் சொல்ல வருகிறார் என்று கேட்கக்கூட விருப்பமில்லை. சொட்டு மருந்தை அன்றே கொட்டிவிட்டேன்.

டிசம்பரில் தம்பி வந்தான். பெட்டியைத் திறந்ததும் அம்மா பனடால் அட்டையை எடுத்து என் மகனிடம் நீட்டினாள். அவன் இப்போதுதான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். "பா-ரா-செட்-டா-மால், ஆச்சி. ஐந்நூறு."

"அதேதானா," என்று அதைப் பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டாள். கோடரித் தைலத்தை மட்டும் இடுப்பில் சொருகிக்கொண்டாள்.